வரிசையில் நின்ற மூன்றாவது ஆள்

என் தொலைநோக்கியில் எடுக்கும் படத்தில் இரண்டு நட்சத்திரங்கள் விழும், மூன்றாவது விழாது. ஓரையன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்றைத்தான் சொல்கிறேன். தை, மாசியில் இருட்டிக் கொஞ்ச நேரத்தில், மதுரையில் யார் வீட்டு மாடியில் நின்று அண்ணாந்தாலும் அவை உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். வெறுங்கண்ணுக்கு நெருக்கமாகத் தெரிகிறவை, தொலைநோக்கியின் பின்னால் கேமராவை மாட்டியதும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்விடுகின்றன. நீளவாட்டில் வைத்தால் ஒன்று நூலிழையில் வெளியே. கேமராவைச் சாய்த்து மூலைக்கு மூலை வைத்தால் மூன்றும் வரும்தான். ஆனால் ஓரத்து இரண்டும், கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் கடைசி நேரத்தில் ஓடிவந்து நின்றவர்கள் மாதிரி பாதித் தோளோடு நிற்கும். அதை ஒரு படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மனைவிக்கும் வரவில்லை. அந்த மூன்று பேரைத் தனக்கு முன்பே தெரியும் என்பது அவள் கட்சி. கல்யாணமான புதிதில் பழங்காநத்தத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கரண்ட் போனால் கீழ் வீடு, மேல் வீடு எல்லாம் மொட்டைமாடிக்கு வந்துவிடும். நான்கு குடித்தனம், பதினேழு பேர், ஆறு பாய். நான் அவளுக்கு நட்சத்திரங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். புது மாப்பிள்ளை, பி.எஸ்சி. இயற்பியல், வேறு என்ன பேசத் தெரியும்? அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மேலே கையைக் காட்டினாள்.

“அந்த மூணு பேரும் ரேஷன் கடைக்கு நிக்கிறவங்க மாதிரி இல்ல?”

பக்கத்துப் பாயில் சிரிப்பு எழுந்தது. “ஆமாத்தா, மண்ணெண்ணெய்க்கு நிக்கிறாக” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் சொன்னது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவற்றுக்கு வேறு பெயர் கிடையாது. வரிசையில் நிற்கிறவர்கள்.

வேலை பார்த்த காலமெல்லாம் நான் வீட்டு மின்சார மீட்டர்களைச் சோதிக்கிற ஆள். பழைய மீட்டர்களுக்குள் ஒரு அலுமினியத் தகடு சுற்றும். அதன் விளிம்பில் ஒரு மை அடையாளம் இருக்கும். அது கண்முன்னே வரும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். அதைச் செய்து செய்து, எண்ணுவது எனக்கு நோயாகவே ஆகிவிட்டது. குக்கர் விசில், படிக்கட்டு, பஸ் ஜன்னலில் போகிற புளியமரம், எதையும் விட்டதில்லை. அவள் எதையும் எண்ணாதவள். உப்பைக் கையால் அள்ளிப் போடுவாள், சரியாக இருக்கும். அரிசியைக் கண்ணால் பார்த்தே எடுப்பாள், மிஞ்சாது. “நீங்க எண்ணுங்க, நான் சமைக்கிறேன்” என்பாள்.

விளாங்குடியில் வீடு கட்டி வந்தபோது எங்கள் மாடியிலிருந்து கார்த்திகைக் கூட்டத்தில் ஏழு நட்சத்திரம் எண்ணுவேன். பிறகு திண்டுக்கல் ரோட்டில் வெள்ளை விளக்குகள் வந்தன, எங்கள் தெருவிலும் வந்தன, எதிர்வீட்டு வாசலில் யாரும் இல்லாதபோதும் எரிகிற ஒன்று வந்தது. இப்போது நான்கு. இதில் என் கண்ணுக்குப் பாதி, ரோட்டு விளக்குக்குப் பாதி என்று பொறுப்பைப் பிரித்து வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் வாங்கியதுதான் இந்தத் தொலைநோக்கி. முன்னால் மூன்று அங்குல லென்ஸ், பின்னால் கேமரா, கீழே நட்சத்திரத்தோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பும் ஒரு மோட்டார். அந்த மோட்டாருக்குத் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டும். நம் ஊரில் அது அடிவானத்துக்கு மேலே, நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்தில்தான் இருக்கும். வடக்கு வீட்டுக்காரரின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தொட்டியை இரண்டடி நகர்த்த முடியுமா என்று ஒருமுறை கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

ஆகவே ஆரம்பத்தில் நாங்கள் ஸ்கூட்டரில் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிப் போவோம். காலடியில் முக்காலி, பின்னால் அவள், அவள் மடியில் துணியில் சுற்றிய தொலைநோக்கி. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வருகிறவர்கள் பிள்ளை என்று நினைத்து வழிவிடுவார்கள். வயல் ஓரத்தில் போர்வையை விரித்து, புளியோதரைத் தூக்கைத் திறந்து வைத்துவிட்டு அவள் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் மாடு பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் முக்காலியைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என்ன சார், ரோடு அளக்கிறீகளா?”

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “ஆமாண்ணே. நிலாவுக்குப் போடுறாங்க. உங்க வயல் தப்பிச்சிருச்சு.”

அவர் மாட்டை நிறுத்திவிட்டு ஒரு கை புளியோதரை சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

பிறகு முழங்கால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் மக்கர் செய்தது. ஸ்கூட்டர் பயணம் நின்றது. தொலைநோக்கி மாடியோடு தங்கிவிட்டது. நான் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் அவளுக்குக் காட்டுவேன். வரிசையில் நிற்கிறவர்களை எடுத்துக் காட்டிய அன்று மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

“ரெண்டு பேருதான் நிக்கிறாங்க. மூணாவது ஆளு எங்க? சரக்குத் தீந்துபோச்சுன்னு வீட்டுக்குப் போயிட்டாரா?”

“இந்த லென்ஸ்ல அம்புட்டுத்தான் அடங்கும்.”

“பழங்காநத்தத்துல வெறுங்கண்ணுல அடங்குச்சே. இம்புட்டு சாமான் வாங்கியும் ஒரு ஆளு குறையுது.”

“அவரையும் கூட்டிட்டு வாரேன், பாரு” என்றேன்.

அதற்காக வாங்கியதுதான் ஃபோகல் ரெட்யூசர். கைக்குள் அடங்குகிற உருண்டைக் குழல், உள்ளே லென்ஸ்கள். தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவில் செருக வேண்டும். பிம்பத்தை ஐந்தில் ஒரு பங்கு சுருக்கிக் கொடுக்கும், அதனால் வானத்தில் இன்னும் கொஞ்சம் படத்துக்குள் வரும். எனக்குத் தேவையும் அந்தக் கொஞ்சம்தான்.

வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். அப்போது வானம் மூடியிருந்தது. பெட்டியைத் திறந்து, மேஜையில் துணி விரித்து அதன்மேல் வைத்து, கையில் எடுக்காமல் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று அவள் சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றிவருவாள். அரிவாள்மனை, கிரைண்டர், தையல் மிஷின், ஸ்கூட்டர், என் ஸ்க்ரூ டிரைவர்கள் என்று ஒன்று விடாமல் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போவேன். ஒவ்வொரு வருடமும் நடக்கிற சடங்கு இது. “லென்ஸ் மேல வச்சிராத” என்று அந்த வருடம் நான்கு தடவை சொன்னேன்.

“கண்ணாடியில எவ வைப்பா? இரும்புலதான வைக்கிறேன்.”

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டாள்: “எம்புட்டு?”

“முப்பத்தொண்ணு.”

“முப்பத்திரண்டு.”

“நீ எப்ப இருந்து எண்ண ஆரம்பிச்ச?”

“எண்ணலை. நீங்க ஒண்ண விட்டுட்டீங்கன்னு மட்டும் தெரியும்.”

“எது?”

“தேடுங்க. ரிட்டயர்டு ஆளுக்கு வேலை வேணும்ல?”

தேடினேன். தேங்காய்த் துருவி, பூட்டு, பாக்குவெட்டி வரை பார்த்தேன். கிடைக்கவில்லை. வேண்டுமென்றே என்னை அலையவிடுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருந்த ஒருநாள், அவள் போய்விட்டாள். நெஞ்சுவலி. ஆட்டோவில் ஆஸ்பத்திரி வரை பேசிக்கொண்டுதான் வந்தாள். அதைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை.

தை பிறந்ததும் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. இருட்டியதும் வரிசையில் நிற்கிறவர்கள் மாடிக்கு மேலே வந்து நின்றார்கள். கூட்டிட்டு வாரேன் என்று சொன்னவன் நான். சித்திரை வந்தால் அவர்கள் மேற்கே சரிந்து புழுதியில் மறைந்துவிடுவார்கள். அடுத்த தைக்கு என் முழங்கால் மாடிப்படி இருபத்திரண்டையும் ஏறுமா என்று தெரியாது. ரெட்யூசரை எடுத்தேன்.

இந்தப் பொருளைச் சோதிப்பது ஒரு பொறுமைப் பரீட்சை. ரெட்யூசரின் கண்ணாடியிலிருந்து கேமராவுக்குள் படம் விழும் தகடு வரை ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் படத்தின் நடுவில் நட்சத்திரம் புள்ளியாக இருக்கும், மூலைகளில் கொசுவாக நீண்டுவிடும். நடுவைப் பார்த்துக்கொண்டே போகிற கோடு என்றால் இடைவெளி போதவில்லை. நடுவைச் சுற்றிப் போகிற கோடு என்றால் அதிகம். முதல் நாள் நான்கு மூலையிலும் கோடுகள் நடுவைப் பார்த்தன. குளிர்பான டின்னை வெட்டி மெல்லிய வளையம் செய்து கேமராவுக்கு முன்னால் போட்டேன். குறைந்தது. இன்னொன்று போட்டேன். ஐந்தாவது வளையத்தில் மூன்று மூலைகள் குணமாகிவிட்டன.

நான்காவது மூலை ஆகவில்லை. மூன்றாவது ஆள் வந்து நிற்க வேண்டிய பக்கம். அந்த ஓரத்தில் எல்லா நட்சத்திரமும் வால் முளைத்து நின்றது. கேமராதான் கோணலோ என்று கேமராவை மட்டும் திருப்பி வைத்தேன். கெட்ட மூலை படத்துக்குள் இடம் மாறியது. அப்படியானால் கேமராமேல் குற்றமில்லை. தொலைநோக்கியைத் தனியாகச் சோதித்தேன். சுத்தம். மிஞ்சியது ரெட்யூசர். அதை மட்டும் நான் திருப்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அதற்கு மேல் கீழ் இருந்தது. தொலைநோக்கியின் குழாய்க்குள் செருகும் பக்கத்தில், குழாயின் வாயில் உட்காரும் உலோக விளிம்பில், ஒரு மஞ்சள் புள்ளி. நடுவில் லேசாகச் சிவப்பு. கம்பெனிக்காரன் போட்ட அடையாளம், இந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் அதை அணுப்பிசகாமல் மேலே வைத்துத்தான் செருகினேன்.

கடைசியில் லென்ஸே கோணல் என்று முடிவுக்கு வந்தேன். விற்றவர்களும் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். பெட்டியில் வைத்து, பஞ்சு அடைத்து, டேப்பை நான்கு சுற்று சுற்றினேன். வேறு ஒன்று வந்து சேர்வதற்குள் மாசி போய்விடும் என்ற கவலை ஒரு பக்கம். அவளிடம் இன்னும் ஒரு தவணை கேட்கிற மாதிரி இருந்தது இன்னொரு பக்கம்.

பார்சல் ஆபீஸ் என் சிநேகிதர் பாயின் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாய் பழைய மதுரைக்குள் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், என்னைவிட ஆறு வயது இளையவர். எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணாடி போட்டுக்கொடுக்க ஆரம்பித்துச் சிநேகிதரானவர். லென்ஸ் என்று எதைச் சொன்னாலும் வந்துவிடுவார். அன்று சாயங்காலமும், பார்சலைத் தானே கொண்டுபோய்ப் போடுவதாகச் சொல்லி வந்தார். பார்சலைக் கையில் வாங்கி எடைபார்த்தார்.

“அண்ணே, பாக்காம எப்படி எடுத்துட்டுப் போறது? கோணல் லென்ஸ் எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல.”

“நாலு சுத்து டேப்பு பாய்.”

“அஞ்சாவது சுத்து நான் சுத்தித் தாரேன்.”

மாடியில் வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு ரெட்யூசரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

“இது என்னண்ணே?”

“கம்பெனி அடையாளம். மேல் பக்கம் எதுன்னு காட்ட.”

“எந்த ஊர்க் கம்பெனி?”

“சீனான்னு நினைக்கிறேன்.”

“அப்ப சீனாக்காரன் சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, பூசை போட்டு அனுப்பியிருக்கானா?”

அவர் அந்தப் புள்ளியின்மேல் வாயால் ஆவி ஊதி என் மூக்குக்கு நேரே நீட்டினார். “மோந்து பாருங்க. தர்காவுல எத்தனை சந்தனக்கூடு பாத்திருக்கேன். எனக்குத் தெரியாத வாசமா?”

மணந்தது. கொஞ்சமாகத்தான், ஆனால் மணந்தது.

“இது விளிம்புல மொத்தமா உக்காந்துக்கிட்டு ஒரு பக்கத்தைத் தூக்குது. அதான் உங்க கோணல். ஒரு துடை துடைச்சா சோலி முடிஞ்சது” என்று கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் பலமாகவே பிடித்திருக்க வேண்டும்.

“முப்பத்திரண்டு” என்றேன்.

“என்னது?”

ஆயுத பூஜைக் கதையைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். “மதினி வச்சதா” என்றார். பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். சந்தனத்தில் விரல் ரேகை விழுந்திருந்தது. மூன்று வளைவு தெளிவாக, நான்காவது அரைகுறையாக. ஸ்கூட்டரில் வைத்தது மழையில் போயிருந்தது. அரிவாள்மனையில் வைத்ததை நானே தேய்த்துக் கழுவியிருந்தேன். இது ஒன்றைத்தான் விளிம்புக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன், தெரியாமலே. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் டேப் சுற்றி நானே அனுப்பியும் இருப்பேன்.

துடைத்தால் அவள் கேட்ட படம் வரும். துடைக்காவிட்டால் மூன்றாவது ஆள் காலமெல்லாம் வாலோடுதான் நிற்பார்.

நான் மாடியில் கிடந்த நாலுகால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தளத்தில் மழைத்தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் விட்டிருக்கிறது, அதனால் ஸ்டூல் டக் டக் என்று ஆடும். பத்து வருடமாக அது ஆடுகிறது, பத்து வருடமாக நான் புலம்புகிறேன். எதிரே தொலைநோக்கியின் முக்காலி அதே தளத்தில் அசையாமல் நின்றது.

“பாய், மூணு காலு ஆடாதுல்ல?”

“எது?”

“ஒரு புள்ளி இருக்கிறதாலதான் சாயுது. இதே கனத்துல இன்னும் ரெண்டு வச்சா? சம தூரத்துல?”

அவர் என்னைப் பார்த்தார், ரெட்யூசரைப் பார்த்தார். “துடைக்காம, அதுக்குத் துணைக்கு ரெண்டு ஆளு வைக்கணும்ங்கிறீங்க.”

“மொத்தமும் ஒரு மயிரிழை உசரும். ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பிக்கிட்டா போதும்.”

“நாளைக்கு வாரேன்” என்றார். பார்சல் பெட்டியை மட்டும், காலியாக, பழைய பேப்பருக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வந்தபோது டப்பாவில் இரண்டு சாமான்கள் இருந்தன. புதுக் கண்ணாடி பிரேமில் ஒட்டிவருகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள், பிரேமுக்குப் பூசுகிற நிறமில்லாத வார்னிஷ். முதலில் சந்தனத்தின்மேல் வார்னிஷை ஒரே ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தார். ரேகை கலையவில்லை. பிறகு தாளைப் பொட்டளவு நறுக்கி, விளிம்பில் நான் குறித்துக்கொடுத்த இரண்டு இடங்களில் ஒட்டினார். ஒன்று போதவில்லை. ரெட்யூசரைக் குழாயில் செருகி, விளிம்பின் இடுக்கைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் சந்தனத்தின் பக்கம் இன்னும் தூக்கியிருந்தது. இரண்டு போட்டால் அதிகம். மூன்றாவது தாள் வேறு பிரேமிலிருந்து, அது கொஞ்சம் மெல்லிசு. பழையதும் அதுவும் சேர்ந்ததும் இடுக்கு சுற்றிலும் ஒரே அளவாகிவிட்டது. விரலால் தட்டியும் பார்த்தோம். ஆடவில்லை. ஸ்டூலைத் தவிர அந்த மாடியில் எதுவும் ஆடவில்லை.

இருட்டியதும் எதிர்வீட்டு வாசல் விளக்கு வழக்கம்போல எரிந்தது. வடக்கே தொட்டி வழக்கம்போல மறைத்தது. தொட்டியின் ஓரத்தை வைத்தே குத்துமதிப்பாக மோட்டாரைச் சரிசெய்துகொண்டேன். அரை நிமிடம் ஒரு படம், அப்படி இருபது. முதல் படம் கம்ப்யூட்டரில் வந்ததும் பாய் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு… ரெண்டு…” என்று நான் எண்ணினேன்.

“மூணுண்ணே. மூணாவது ஆளு வந்துட்டாரு. தோளெல்லாம் முழுசா இருக்கு.”

பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றும் வட்டமாக இருந்தன. கெட்ட மூலை குணமாகிவிட்டது. மூன்று பேருக்கு நடுவே ஏகப்பட்ட சிறு புள்ளிகள் இருந்தன, பழங்காநத்தத்து மாடியிலும் தெரியாதவை. ரேஷன் கடைக்குப் பின்னால் இம்புட்டுக் கூட்டம் நிற்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம்.

பாய் கிளம்பும்போது, “வித்தவனுக்கு என்ன சொல்லப் போறீங்க?” என்றார்.

“லென்ஸ் நேரா இருக்குன்னு சொல்றேன்.”

“சந்தனத்தைச் சொல்லிராதீங்க. அடுத்த தடவை அதுக்கும் சேத்து விலை போட்ருவான்.”

இடது கீழ் மூலையில் இன்னும் ஒரு துளி நீட்சி இருக்கிறது. மூக்குக் கண்ணாடியைப் போட்டால் தெரியும், கழற்றினால் தெரியாது. இன்னும் ஒரு மெல்லிய வளையம் வெட்டிப் பார்க்க வேண்டும். மாசி முடிவதற்குள் தெளிந்த வானம் எத்தனை நாள் கிடைக்கும் என்று கவலையாகவும் இருக்கிறது.

மூன்று கால் வந்துவிட்ட பிறகு ரெட்யூசருக்கு மேல் கீழ் என்று ஒன்றும் கிடையாது. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் படம் ஒன்றுதான், சோதித்தும் பார்த்துவிட்டேன். இருந்தாலும் ஒவ்வொரு சாயங்காலமும் செருகுவதற்கு முன்னால் அந்த மஞ்சள் புள்ளியைத் தேடி, மேலே கொண்டுவந்து, அணுப்பிசகாமல் வைத்துவிட்டுத்தான் திருகை இறுக்குகிறேன்.